நாலு ஜிபியில் ஒன்று எங்கே? கெர்னல் சொல்லும் மூன்று விதம்

போர்டில் பதிந்திருந்து கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான ஃபர்ம்வேர் (பயாஸ் அதில் ஒரு வகை) நினைவகத்தில் செய்துவைக்கும் குளறுபடியை, லினக்ஸின் மைய நிரலான கெர்னல் ஒரே மாதிரி அறிவிப்பதில்லை. வண்ணார்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அண்ணாச்சி, தன் கணினியின் நாலு ஜிபி ரேமில் ஒன்று எங்கே என்று கேட்கிறார் என்று கொள்வோம். அவரை வாசகராக வைத்து அந்த அறிவிப்புகளை எடை போடலாம்.

முதலாவது, முத்திரை. வரியின் தலையில் 'ஃபர்ம்வேர் பக்' என்று அடைப்புக்குறிக்குள் வரும்; அதற்குக் கீழே 'வார்ன்', 'இன்ஃபோ' என்று இரண்டு படிகள். பயாஸ் எழுதுபவர் கெர்னல் நிரலைப் புரட்டாமலே பிழை விளங்க வேண்டும் என்று மூலநிரலிலேயே குறிப்பு இருக்கிறது. நல்ல நோக்கம்தான், ஆனால் பயாஸ் எழுதுபவரா வண்ணார்பேட்டையில் உட்கார்ந்து, கணினி கிளம்பும்போது வரும் கெர்னல் அறிவிப்புகளான பூட் பதிவைப் படிக்கிறார்? 'பக்' என்பதைப் பார்த்ததும் அண்ணாச்சி, "தம்பி, போர்டு போய்விட்டதா?" என்றுதான் கேட்பார்.

இரண்டாவது, நஷ்டக் கணக்கு. நினைவகத்தின் எந்தப் பகுதியை கேஷ் செய்யலாம் (வேகத்துக்காக ப்ராசஸர் தன்னிடமே நகல் வைத்துக்கொள்ளலாம்) என்பதை ப்ராசஸரில் உள்ள எம்டிஆர்ஆர் பதிவேடுகளில் பயாஸ் எழுதிவைக்கிறது. ஒரு பகுதியை அது விட்டுவிட்டால், கெர்னல் அதைக் கழித்துவிட்டு, 'பயாஸ் பிழை, 1024 எம்பி ரேமை இழக்கிறோம்' என்ற பாணியில் எழுதுகிறது. ஒரு ஜிபி எங்கே என்ற அண்ணாச்சியின் கேள்விக்கு நேரடியான பதில். ஆனால் ஏன் கழித்தது, அடுத்து என்ன செய்வது என்பதைப் பற்றி மூச்சே இல்லை.

மூன்றாவது பழைய 64 பிட் ஏஎம்டி கணினிகளில் வரும். 'பயாஸ் ஏபர்ச்சருக்கு இடம் விடவில்லை. பயாஸ் அமைப்பில் ஐஓஎம்எம்யூவை இயக்குங்கள். இதனால் 64 எம்பி போகிறது' என்று மூன்றே வரி. (ஐஓஎம்எம்யூ, சாதனங்கள் கேட்கும் முகவரிகளை நினைவக முகவரிகளாக மாற்றித்தரும் வசதி; ஏபர்ச்சர், அதற்காக ஒதுக்கும் முகவரி இடம்.) காரணம், பரிகாரம், விலை எல்லாம் அதில் அடக்கம். குறை ஒன்றுதான்: பல போர்டுகளின் அமைப்புப் பக்கத்தில் அந்த விருப்பமே கிடையாது. இல்லாததைத் தேடி மெக்கானிக்கின் அரை மணி நேரம் போகும்.

என் ஓட்டு மூன்றாவதற்குத்தான், ஒரு திருத்தத்தோடு: 'அப்படி ஒரு விருப்பம் இருந்தால்' என்று சேர்க்க வேண்டும். எம்டிஆர்ஆர் அறிவிப்பிலும் 'கேஷ் இல்லாத பகுதி மிக மெதுவாக ஓடும் என்பதால் ஒதுக்கினோம், ரேமில் பழுதில்லை, பயாஸ் புதுப்பிப்பு கிடைக்கிறதா பாருங்கள்' என்று ஒரு வரி போதும். கழிப்பதைத் தடுக்க 'டிசேபிள் எம்டிஆர்ஆர் டிரிம்' என்ற பூட் விருப்பமும் உண்டு. அதை மட்டும் அறிவிப்பில் எழுதக் கூடாது. ஜிபி திரும்பியது என்று மகிழ்ந்து அதைப் போட்டவர், கணினி நத்தையாகிவிட்டது என்று மறுநாளே கடைக்கு வருவார்.