வொண்டர்கிரவுண்ட் லண்டன்: ஒரு மறுபதிப்பு பற்றி

ஓர் ஊரின் வாழ்வையும் வரலாற்றையும் படமாகச் சொல்லும் பழைய வரைபடங்களைச் சேகரித்து வரும் எனக்கு, மக்டொனால்ட் கில் 1914-இல் லண்டன் சுரங்க ரயில் நிறுவனத்துக்காக வரைந்த ‘வொண்டர்கிரவுண்ட்’ வரைபடம் நெடுநாள் ஆசை. அசல் தாளின் விலை என் கைக்கு எட்டாது என்பதால், மறுபதிப்பு ஒன்றை வாங்கினேன்.

நிலையத்தில் காத்திருக்கும் பயணிகள் நின்று படிக்கவென்று அந்த நிறுவனத்தின் அதிகாரி ஃபிராங்க் பிக் கேட்டு வாங்கிய சுவரொட்டி இது. பின்னர் வீட்டில் மாட்டும் பதிப்பும் விற்பனைக்கு வந்தது. மேலே வளைந்த அடிவானம், மஞ்சள் சாலைகள், ஓரமெங்கும் மரபுச் சின்னங்கள் என்று தொலைவிலிருந்தே கண்ணை இழுக்கும் இந்தத் தாளின் உயிர், அருகில் போனால்தான் தெரியும். விலங்குக் காட்சிச் சாலையில் ஒரு பெரும் பறவை கம்பிகளினூடே குழந்தையைக் கவ்வியிருக்க, ஐந்து மணித் தேநீருக்கு வந்துவிடுவதாக அம்மாவிடம் சொன்னேனே என்று குழந்தை அங்கலாய்க்கிறது. ஹாரோ சாலையில் பரம்படிப்பவன் வேலையை நொந்துகொள்கிறான். ஆங்கிலத்தில் ஹாரோ என்றால் பரம்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது என்பதை நினைத்துக்கொண்டு பார்க்கும்போது, அதற்குச் சற்று முந்தைய லண்டனின் கவலையற்ற முகம் இதில் அப்படியே நிற்பது மனத்தைத் தொடுகிறது.

இந்த வேடிக்கைகள் எல்லாம் சிற்றெழுத்துகளில் இருப்பதால், இதன் மறுபதிப்பை எழுத்துகளின் தெளிவைக் கொண்டே மதிப்பிட வேண்டும். முன்பு வேறொரு விற்பனையாளரிடம் வாங்கிய பிரதியில் சிற்றெழுத்துகள் மங்கிக் கிடந்ததோடு, வலது ஓரமும் வெட்டப்பட்டிருந்தது; ஹார்விச், ரஷ்யா ‘முதலிய கிராமங்களுக்கு’ வழிகாட்டும் வரி அங்கேதான் இருக்கிறது. இப்போதைய பிரதியில் அந்த வரி முழுமையாக உள்ளது. பறவையின் அலகுக்குக் கீழுள்ள சொற்களையும் உருப்பெருக்கி இல்லாமலே படிக்க முடிகிறது. போரில் மாண்ட வீரர்களின் கல்லறைக் கற்களுக்குப் பிற்பாடு எழுத்து வடிவம் அமைத்துக் கொடுத்தவரும் இதே கில்தான் என்பதால், இவர் கையெழுத்து சிதையாமல் அச்சாவதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். மஞ்சள் மட்டும் சற்றுத் தூக்கலாக இருக்கிறது. பளபளப்பில்லாத கனத்த தாள் என்பதால் விளக்கொளி பட்டாலும் கண் கூசுவதில்லை.

சுருளாக வந்த தாளை, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வைத்து நிமிர்த்தினேன். சட்டமிடும் கடையில், தயாராக இருக்கும் அளவுக்குப் பொருந்த ஓரத்தை நறுக்கித் தருவதாகச் சொன்னார்கள். வாங்குபவர்கள் அதற்கு ஒருபோதும் இசையாமல், தாளின் அளவுக்கே சட்டம் செய்து, நின்றபடி படிக்கும் உயரத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்.