ஆய்வைப் பகிர: நேரலையா, ஆவணமா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களையும் அவற்றில் படரும் மிளகுக் கொடிகளையும் பற்றித் தன் ஆய்வை முடித்த மாணவி, அதை வகுப்புத் தோழர்களுடன் இணையவழியே இரு விதமாகப் பகிரலாம். கூகுள் மீட்டில் நேரலையாகப் பேசினால் கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும். ஆனால் கட்டணமில்லாக் கணக்கில் குழுச் சந்திப்பு 60 நிமிடத்தில் முடிந்துவிடும், மலைச்சரிவில் சிக்னல் விட்டுப்போகும் வீடுகளில் இருப்போர் பாதியை இழப்பர்.

கூகுள் டாக்ஸ் ஆவணமாக அனுப்பி, திருத்தும் உரிமை தராமல் கருத்துரைக்கும் அனுமதியை மட்டும் தந்தால், காப்பி பூப்பதற்கு வேண்டிய கோடை மழையைப் பற்றிய வரியின் ஓரத்திலேயே, தோட்ட வேலை செய்யும் தன் பெற்றோரைக் கேட்டறிந்த தோழன் ஒருவன் ஐயத்தை எழுதலாம். அவளும் அதற்கான சான்றை நிதானமாகத் தேடிச் சேர்க்கலாம். (தொழிலாளர் படங்களை இடுவதானால் அவர்களுடைய ஒப்புதலை முன்பே பெறவேண்டும்.) நான் ஆவணத்தையே தேர்ந்தெடுப்பேன், பேசக் கூச்சப்படும் பிள்ளைகளும் அதில் தயங்காமல் எழுதுகிறார்கள்.