திருடன் யாரென்று தெரிந்தே படிக்கும் துப்பறியும் கதை: ‘எமிலும் துப்பறிவாளர்களும்’

ஜெர்மானிய எழுத்தாளர் எரிஷ் கெஸ்ட்னரின் ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ 1929-இல் வெளிவந்த சிறுவர் நாவல். சிறுவயதில் முதலில் படித்த இந்நூலை இப்போது குழந்தைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டிவருகிறேன். குற்றவாளி யாரென்று தெரிந்ததும் துப்பறியும் கதைகள் பலவும் அலமாரிக்குப் போய்விடுகின்றன. இங்கோ திருடன் யாரென்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், அவனை எப்படிப் பிடிக்கப்போகிறார்கள் என்பதே கதையாகிறது. அந்த ‘எப்படி’ எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை.

பெர்லினிலுள்ள பாட்டியைப் பார்க்க ரயிலேறும் எமிலிடம், சிகையலங்காரம் செய்து குடும்பத்தைத் தாங்கும் கணவனை இழந்த தாய் 140 மார்க் கொடுத்தனுப்புகிறாள். நோட்டுகளைக் கோட்டின் உட்புறத்தில் குண்டூசியால் குத்திவைத்தும், அவன் தூங்கும்போது எதிரில் இருந்த தொப்பிக்காரர் அவற்றைக் களவாடிவிடுகிறார். அவன் காவலரிடம் ஓடாததற்குக் காரணம், சொந்த ஊரில் ஒரு சிலைக்குச் சிவப்பு மூக்கும் மீசையும் வரைந்துவைத்த அச்சம்தான். பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றும் இக்காரணம் ஒரு சிறுவனுக்கு எவ்வளவு கனமானது என்பதை ஆசிரியர் அறிந்திருக்கிறார். கேட்கும் குழந்தைகளும் அதை உடனே ஒப்புக்கொள்கிறார்கள்.

நூலின் உயிர் அதன்பின் வரும் ஏற்பாடுகளில் இருக்கிறது. ஹாரன் வைத்திருக்கும் பெர்லின் சிறுவன் குஸ்தாவ் நண்பர்களைத் திரட்ட, ‘பேராசிரியர்’ எனப்படும் சிறுவன் திட்டம் வகுக்க, கையிலுள்ள காசை ஒன்றுசேர்த்து, ‘எமில்’ என்பதையே அடையாளச் சொல்லாக வைத்துக்கொண்டு அவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். துரத்தலைக் காணும் ஆசையை அடக்கிக்கொண்டு தொலைபேசியருகே அமர்ந்திருக்கும் குட்டி டீன்ஸ்டாக்கைத்தான் இறுதியில் பாட்டி தனியாகப் பாராட்டுகிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுவே. திருடன் நோட்டை மாற்றப்போகும் வங்கியில், அந்தப் பணம் யாருடையது என்ற கேள்வி எழும்போது, நோட்டுகளிலுள்ள ஊசித்துளைகள் சான்றாகின்றன. முதல் அத்தியாயங்களில் போகிறபோக்கில் சொல்லப்பட்ட குண்டூசி இவ்வளவு நேர்மையாகப் பயன்படுவதால், வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வதில்லை.

குறையும் உண்டு. மிதிவண்டியில் வந்து துணிச்சலாகப் பேசும் எமிலின் உறவுச் சிறுமி போனி, துரத்தலில் பெரும்பாலும் விலக்கியே வைக்கப்படுகிறாள். உரக்க வாசிக்கும்போது அவளுக்கு ஏன் வேலை கொடுக்கவில்லை என்ற கேள்வி வரத்தான் செய்யும். கதையை நிறுத்தி அதைப் பேசிவிட்டுத் தொடர்வது நல்லது.

வாங்குபவர்கள் வால்டர் டிரியரின் ஓவியங்கள் உள்ள பதிப்பையே தேட வேண்டும். கதை தொடங்குமுன் முக்கிய மனிதர்களையும் இடங்களையும் பத்துப் படங்களும் சிறு குறிப்புகளும் அறிமுகப்படுத்துகின்றன. அவற்றை நீக்கிய பதிப்பில், இளம் வாசகருக்கு இத்தனை பெயர்களையும் நினைவில் நிறுத்துவது கடினமாகிவிடும்.