பேபி கிஃப்ட் பெட்டி: எது குழந்தைக்கு, எது அலமாரிக்கு?

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போகும் பெட்டி இது. சோப்பு, ஷாம்பூ, எண்ணெய், லோஷன், பவுடர், சிலவற்றில் வைப்ஸும் இருக்கும். பெரும்பாலும் எல்லாமே வாசனை சேர்த்தவை. முதல் மாதத்தில் இதில் பாதிக்கு வேலையே இல்லை.

பவுடரை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். தட்டும்போது எழும் தூசி குழந்தையின் மூச்சில் போகும். டால்க் என்ற கனிமப் பொடி போய் சோளமாவு வந்த டப்பாவுக்கும் இது பொருந்தும். கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் போட்டால் வியர்வையில் கட்டிதட்டி உரசும். தோல் சிவந்து புண்ணாகும். மெல்லிய பருத்தித் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தாலே மடிப்புகள் நன்றாக இருக்கும்.

சோப்புக் கட்டியின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 9, 10 வரை போகும்; 7-க்கு மேல் காரம், கீழே அமிலம். குழந்தையின் தோலோ பிறந்த சில வாரங்களில் 5.5 அளவுக்கு இறங்கி, கிருமியைத் தடுக்கும் அமிலப் படலத்தை அமைத்துக்கொள்கிறது. தினமும் உடம்பு முழுக்கச் சோப்பு தேய்த்தால் அந்தப் படலம் கெடும், தோல் வறண்டு உரியும். வாரம் இரண்டு மூன்று நாள், அக்குள், கழுத்து, இடுப்புக்குக் கீழே மட்டும் போதும். பிஎச் 5.5 என்று போட்ட, வாசனை இல்லாத திரவம் கிடைத்தால் இன்னும் நல்லது.

பெட்டியில் வரும் எண்ணெய் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில்தான். கெடுதல் இல்லை, ஆனால் வாசனை வேண்டாம். சுத்தமான தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும். குளிப்பாட்டித் துடைத்த கையோடு, ஈரப்பதம் இருக்கும்போதே தடவினால் தோலில் ஈரம் நிற்கும். கடுகு எண்ணெய் எரிச்சல் தரும், ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைத் தளர்த்தும். எதுவானாலும் மூக்கிலும் காதிலும் விடவே கூடாது. தலையில் பொருக்கு இருந்தால் எண்ணெயில் கால் மணி ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தளர்த்தி, ஒரு சொட்டு ஷாம்பூவால் அலச வேண்டும். எண்ணெயை அப்படியே விட்டால் பொருக்கு இன்னும் ஒட்டிக்கொள்ளும். ஷாம்பூவுக்கு இந்த ஒரு வேலைதான்.

இதையெல்லாம் பிறந்த அன்றே திறக்க வேண்டாம். முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தொப்புள்கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். கொடியில் எண்ணெய், பவுடர், மஞ்சள் எதுவும் படக்கூடாது. பிறகு குளிப்பாட்டும்போது பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் வெந்நீரை விளாவுங்கள். 37 டிகிரி, முழங்கையை வைத்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும்.

வைப்ஸ் வெளியூர்ப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பஞ்சும் தண்ணீரும்தான்.

நாங்கள் இந்தப் பெட்டிக்கு ஐந்தில் இரண்டு கொடுப்போம். அதே காசுக்கு மெல்லிய பருத்தித் துண்டு நான்கு வாங்கிக் கொடுங்கள். பெட்டிதான் என்றால், உள்ளே ஒவ்வொரு பாட்டிலிலும் காலாவதி தேதியைத் தனித்தனியாகப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தேதி இருக்காது.