நீலகிரி நீராவி ரயில்: எச்பி5 பிலிமிலும் டிஜிட்டல் வண்ணத்திலும் என் அனுபவம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீராவி ரயிலைப் பல ஆண்டுகளாக இரண்டு கேமராக்களில் எடுத்துவருகிறேன். கறுப்பு வெள்ளைக்கு நிக்கான் எஃப்எம்2, அதில் எப்போதும் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிம். வண்ணத்துக்கு ஒரு டிஜிட்டல் கேமரா. இரண்டில் எது நன்றாக வரும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எஞ்சினுக்குக் கறுப்பு வெள்ளை, ரயிலுக்கு வண்ணம். பழங்காலத் தோற்றம் வேண்டும் என்பதற்காகக் கறுப்பு வெள்ளையைத் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்று காலையும் மலையேறிய எஞ்சின் அது. படத்துக்குச் செம்பழுப்புச் சாயம் பூசி அதைக் காட்சிப்பொருளாக்குவது அநியாயம்.

இந்த ரயிலுக்குப் பூட்டும் எக்ஸ் வகை நீராவி எஞ்சினைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். கீழே உள்ளது சக்கரங்களை ஓட்டுகிறது. மேலே உள்ளது, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்சட்டத்தைக் கவ்வும் பல்சக்கரத்தை ஓட்டுகிறது. மலையடிவார நிலையமான கல்லாறு வரை மேல் சிலிண்டருக்கு வேலையில்லை. அதன்பின் சுமார் 12 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் தொடங்கியதும், கீழே உழைத்து வெளிவரும் அதே நீராவி மேலே போய் மீண்டும் ஒருமுறை உழைக்கிறது. வழியிலுள்ள ஹில்குரோ நிலையத்தில் தண்ணீர் பிடிக்க ரயில் நிற்கும்போது இந்த இடத்தை நெருங்கிப் பார்க்கலாம்: தண்டுகளில் எண்ணெய்ப் பளபளப்பு, மூட்டுகளில் கசியும் ஆவி, திருகுகளைச் சுற்றி அடைந்த கரிப்பிசுக்கு. வண்ணத்தில் எடுத்தால் பின்னால் நிற்கும் பயணியின் சிவப்புச் சட்டைதான் முதலில் கண்ணில் படும். எச்பி5இல் இரும்பு இரும்பாகவே நிற்கிறது.

கறுப்பு எஞ்சினையும் வெள்ளை ஆவியையும் ஒரே படத்தில் அடக்குவதுதான் பெரிய சிக்கல். படத்தில் எஞ்சின் நிறைந்திருந்தால் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், ஆவி வெளுத்துவிடும். டிஜிட்டலில் ஆவி வெளுக்காதபடி மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, பின்னால் திருத்த வசதியான ரா கோப்பாகவே எடுக்கிறேன். பிலிமில் நேர்மாறாக எஞ்சினின் நிழலுக்கு அளவெடுக்கிறேன். ஆவியின் மடிப்புகளை எச்பி5 பெரும்பாலும் காப்பாற்றிக் கொடுத்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே பிலிமைக் கைவிட எனக்கு மனம் வருவதில்லை.

கறுப்பு வெள்ளைக்கு லென்ஸின் முன் மாட்டும் வண்ணக் கண்ணாடியான ஃபில்டரைப் பொறுத்தவரை பலரும் மஞ்சளைச் சொல்வார்கள். இங்கே எனக்குக் கைகொடுத்தது சிவப்பு. ஆவிக்குப் பின்னால் பெரும்பாலும் வானம் இருப்பதில்லை, அடர்ந்த பச்சைக் காடுதான் இருக்கிறது. சிவப்பு ஃபில்டர் அந்தப் பச்சையை இருட்டாக்க, ஆவி தனியே எழுந்து நிற்கும். சுமார் மூன்று ஸ்டாப் வெளிச்சத்தை அது விழுங்கினாலும், ஏற்றத்தில் ரயில் மெல்ல ஊர்வதால் 1/125 விநாடி ஷட்டர் வேகமே போதும். மேகம் மூடிய நாளில் மட்டும் கழற்றிவிடுவேன்.

வண்ணம் வெல்லும் இடங்களும் உண்டு. மழை ஓய்ந்த மறுநாள், நீலமும் வெளிர்மஞ்சளுமான பெட்டிகள் பாலத்தின்மேல் வளைந்து வரும்போது கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பாதி அழகு போய்விடும். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. இறங்கும்போதுதான் முன்னால் வரும். ஆகவே எஞ்சின் முன்னிற்கும் வண்ணப் படத்துக்குப் பிற்பகல் ரயிலே சரி. மூடுபனியில், நிறங்களைச் சரிசெய்யும் வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) அமைப்பைத் தானியங்கியில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறுகிறது. பகல் வெளிச்சத்தில் நிலையாக வைத்துவிடுவது நல்லது. குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின்தான் ஓடுகிறது. ஆகவே அங்குள்ள கேத்தி, லவ்டேல் நிலையங்கள் பக்கம் நான் பிலிமைத் தொடுவதே இல்லை.

பிலிமைக் கழுவுவது வீட்டில்தான். பிலிமில் படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான ஐடி-11 டெவலப்பரை நீர்க்காமல் பயன்படுத்தினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். கோடையில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தொடுகிறது. ஐஸ் கட்டிகள் வைத்த தொட்டியில் டெவலப்பர் புட்டியை இறக்கி வெப்பத்தைக் குறைத்த பிறகே தொடங்க வேண்டும். நேரத்தைச் சுருக்கிச் சமாளிப்பதைவிட இது மேல். முடிவு ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல வருகிறது. பிலிமின் விலை ஏறிக்கொண்டே போவது உண்மையான குறை. ஆனால் எஃப்எம்2இன் ஷட்டருக்கு பேட்டரி வேண்டாம், மீட்டருக்கு மட்டும்தான் வேண்டும். மலையில் அதன் அருமை தெரியும். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, திரும்பியதும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள்.

படத்துக்காகத் தண்டவாளத்தில் நடக்காதீர்கள். சட்டப்படி அது குற்றம். யானைகள் நடமாடும் காடு வேறு. நிலையங்களிலேயே வேண்டியது கிடைக்கும். ஆவி அடர்த்தியாகத் தெரிய குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் ஜனவரிக் காலைகள் சிறந்தவை. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து ரயில் நின்றுபோவது வழக்கம். கிளம்புமுன் ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.