ஹிண்டன்பர்க் உறையா, யாங்கி கிளிப்பர் உறையா?

சேகரிப்புக்காக, வான்வழியே அட்லாண்டிக் தாண்டிய பழைய அஞ்சல் உறை ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? 1936 மே மாதம் ஹிண்டன்பர்க் வான்கப்பல் முதன்முறை அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் போனபோது சுமந்த உறைக்குத்தான் கவர்ச்சி அதிகம். கப்பலுக்குள்ளேயே அஞ்சலகம் இருந்ததால், அங்கே குத்திய முத்திரை வட்டமாகத் தெரியும். (1937இல் அந்த வான்கப்பல் எரிந்த தீயில் தப்பிய கருகிய உறைகளை மறந்துவிடுங்கள், நம் பைக்கு எட்டாது.)

யாங்கி கிளிப்பர் 1939 மே 20 அன்று நியூயார்க்கிலிருந்து அசோரஸ், லிஸ்பன் வழியாக மார்சேய் போன பறக்கும் படகு, அதாவது நீரில் இறங்கும் விமானம். அது சுமந்த உறையில் இறக்கை முளைத்த பூகோளம் போட்ட 30 சென்ட் நீல அஞ்சல்தலை, பின்பக்கம் சேருமிட முத்திரை. இவை மலிவு, போலி பயமும் குறைவு. நான் இதையே முதலில் வாங்குவேன்.