எக்ஸ்எஸ் 650 ஹார்ட்டெயில் பாபர்: நாலு வருஷம், 9,200 மைல்

ஒஹாயோவில் நவம்பர் முதல் மார்ச் வரை ரோட்டில் உப்பு கொட்டிக் கிடக்கும், வண்டியை வெளியே எடுக்க மனசு வராது. அப்படி ஒரு குளிர்காலத்தில் கராஜில் உட்கார்ந்து கட்டிய பாபர் இது, அதாவது வேண்டாததையெல்லாம் கழற்றி எளிமையாக்கிய வண்டி. 1979 யமஹா எக்ஸ்எஸ் 650 ஸ்பெஷல் ஒன்றை வாங்கி, ஃப்ரேமின் பின்பாதியை அறுத்து எடுத்துவிட்டு, ஷாக் அப்சார்பரே இல்லாத ஹார்ட்டெயில் கிட்டை வெல்டு பண்ணிச் சேர்த்தேன். 4 அங்குலம் நீளம் கூடியது, 2 அங்குலம் இறங்கியது.

முழு ஃப்ரேம் கிட்டும் கிடைக்கும். ஆனால் அதில் ஃப்ரேமில் அடித்திருக்கும் வண்டி எண்ணே (சேசிஸ் நம்பர்) புதிது, கிட் தயாரித்தவரின் பத்திரத்தைக் காட்டிப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். நான் போட்ட மாதிரி பாதி கிட்டில், எண் அடித்திருக்கும் கழுத்துப் பகுதி (முன் ஃபோர்க் மாட்டும் இடம்) அப்படியே இருந்துவிடுகிறது, பழைய டைட்டிலே, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரமே போதும். டைட்டில் இல்லாத வண்டியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

அறுப்பது ஒரு மணி நேர வேலை, அளப்பதற்குத்தான் எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆனது. எஞ்சினைக் கழற்றாமல் போல்ட் முறுக்கியே வைத்திருந்தேன், ஏனென்றால் வெல்டிங் சூட்டில் குழாய் இழுத்துக்கொள்ளாமல் பிடித்துக்கொள்வது அதுதான். கழுத்திலிருந்து பின் ஆக்ஸில் வரை இரு பக்கமும் நூல் கட்டிப் பார்த்தபோது கிட்டின் இடது ஆக்ஸில் தகடு 2 மில்லிமீட்டர் முன்னால் நின்றது. செயின் அட்ஜஸ்டரில் உள்ள அளவுக் கோடுகளை நம்பிச் சக்கரத்தை மாட்டியிருந்தால் வண்டி ஆயுசுக்கும் ஒரு பக்கமாக இழுத்திருக்கும். எனக்கும் வெல்டிங் தெரியும்தான், ஆனால் இது உயிரோடு விளையாடுகிற இடம், அதனால் இடம் நகராமல் பிடிக்க டாக் (சின்னப் பொட்டு வெல்டு) மட்டும் வைத்துவிட்டு, குழாய்க்குள் உள்துண்டு சொருகிய ஃப்ரேமை, டிக் வெல்டிங்கிலேயே பல வருஷம் இருப்பவரிடம் கொடுத்து முடித்தேன். 9,200 மைலுக்கு அப்புறமும் அந்த மூட்டுகளில் ஒரு கீறல் இல்லை.

பின்பக்கம் இறங்கினால் ஃபோர்க் தானாகச் சாய்ந்துவிடும். 27 டிகிரி இருந்த சாய்வு 29 ஆகி, பார்க்கிங்கில் மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில் கனத்து விழுந்தது. ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் 1 அங்குலம் மேலே ஏற்றிய பிறகு சரியாகிவிட்டது. நான் யோசிக்காமல் விட்டது சைடு ஸ்டாண்டு. வண்டி தாழ்ந்துவிட்டதால் பழைய ஸ்டாண்டில் கிட்டத்தட்ட நேராகவே நின்றது, முதல் மாசமே பெட்ரோல் பங்கில் மறுபக்கம் சாய்ந்து விழுந்து கிளட்ச் கவர் அடிபட்டது. ஸ்டாண்டையும் வெட்டிக் குட்டையாக்குங்கள்.

ஓட்டம் எப்படி? பின்னால் 5.00-16 பலூன் டயர், ஸ்ப்ரிங் சீட், அவ்வளவுதான் சஸ்பென்ஷன். டயரில் 24 பிஎஸ்ஐ வைத்தால் நல்ல ரோட்டில் சுகமாகவே போகிறது. குழி வந்தால் இடுப்பு சொல்லும். ஃபுட்பெக்கை முன்னால் தள்ளினால் ஸ்டைலாக இருக்கும் என்று நிறையப் பேர் சொன்னார்கள், நான் பழைய இடத்திலேயே விட்டேன். பெக்கை ஊன்றி உடம்பைச் சீட்டிலிருந்து தூக்க முடிகிற ஒரே காரணத்தால்தான் ஒரு நாளில் 150 மைல் போய்வர முடிகிறது.

பெரிய எதிரி அதிர்வு. இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், எஞ்சினை ஃப்ரேமில் மாட்டும் இடத்தில் அதிர்வைத் தாங்க ரப்பர் கிடையாது. இரண்டாவது வருஷம் ஒரு சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் வாடை. குனிந்து பார்த்தால் டேங்கின் முன் மவுண்ட் வெல்டில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், அதிலிருந்து ஒரு துளி உருண்டு சூடான சிலிண்டர் ஃபின் மேல் விழுந்து சுர்ரென்று ஆவியானது. அங்கேயே எஞ்சினை நிறுத்தித் தள்ளிக்கொண்டு வந்தேன். டேங்கை இரும்போடு இரும்பாக முறுக்கி வைத்திருந்ததுதான் தப்பு. இப்போது ரப்பர் புஷ், அதற்குள் ஒரு ஸ்லீவ், அதன் வழியே போல்ட், அதனால் எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர் நசுங்காது. பின் ஸ்ப்ராக்கெட்டையும் 34 பல்லிலிருந்து 30-க்கு மாற்றினேன். அதே வேகத்துக்கு எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால், 55 மைல் வேகத்தில் கை மரத்துப்போவது பெருமளவு நின்றது. இருந்தாலும் 500 மைலுக்கு ஒரு தடவை எல்லா நட்டு போல்ட்டையும் தொட்டுப் பார்த்துவிடுகிறேன்.

மதுரையிலிருந்து அத்தை மகன் போனில் கேட்டான், "மச்சான், என் புல்லட்டுக்கு இப்படிப் பண்ணலாமா?" ஃப்ரேமை அறுக்காதே என்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மறுபடி கட்டினால் நீளம் மட்டும் கூட்டுவேன், இறக்கமே இல்லாத கிட்டாக எடுப்பேன். வேகத்தடையில் சைலன்சர் உரசாமல் போன நாள் குறைவு. அதோடு, தாழ்வான தோற்றம் பெரும்பாலும் மட்கார்டிலிருந்துதான் வருகிறது என்பது இப்போது புரிகிறது. சக்கரம் மேலும் கீழும் ஆடாது என்பதால் அதை டயரை ஒட்டியே வைக்கலாம். டயர் மேல் பழைய செயின் ஒன்றைச் சுற்றி, அதன் மேல் மட்கார்டை உட்காரவைத்து பிராக்கெட்டை வெல்டு பண்ணுங்கள், செயினை உருவினால் சரியான இடைவெளி நிற்கும். சக்கரத்தை ஆக்ஸில் ஸ்லாட்டில் முழுக்க முன்னால் தள்ளி ஒரு தடவை சுற்றிப் பார்த்த பிறகே பெயிண்ட் அடியுங்கள்.